எம் தெருப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் தேடிய கதை

ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் போடுவதை நாம் எல்லோரும் ஆபீஸ் சமாச்சாரமாகத்தான் பார்க்கிறோம். காலியிடம், தகுதி, பணிமூப்பு, ஆணை. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் 1905ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் நாற்காலியைச் சுற்றி மாதக்கணக்கில் சண்டை நடந்தது. பத்திரிகைகள் எழுதின. கல்வி வாரியம் விசாரணை வைத்தது. பழைய மாணவர்களும் பெற்றோர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். அது கறுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளி. நாற்காலியில் இருந்தவர் ஒரு கறுப்புப் பெண், அடிமையின் வயிற்றில் அடிமையாகப் பிறந்தவர். பெயர் அன்னா ஜூலியா கூப்பர்.

கூப்பரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1892ல் வந்த 'தெற்கிலிருந்து ஒரு குரல்' என்ற அவருடைய புத்தகத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கறுப்புப் பெண்ணியத்தின் முதல் நூல்களில் ஒன்று அது என்பதால் அது நியாயம்தான். என்னுடைய அக்கறை இங்கே அந்தப் புத்தகம் இல்லை, அந்த நாற்காலி. அதில் யார் உட்காரலாம் என்பதை யார் தீர்மானித்தார்கள்? அந்தத் தீர்மானம் எந்தெந்த வருஷம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது? இதைப் பிடித்துக்கொண்டு போனால் கூப்பர் ஏன் வெளியே தள்ளப்பட்டார் என்பது தானாகவே விளங்கும்.

பள்ளியின் கதை 1870ல் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வாஷிங்டனில் பதினைந்தாம் தெருவில் இருந்த கறுப்பர்களின் பிரஸ்பிட்டேரியன் சர்ச்சின் அடித்தளத்தில் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். பொதுப் பணத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்காக நடந்த முதல் உயர்நிலைப் பள்ளி அமெரிக்காவில் அதுதான். அந்தக் காலத்தில் கறுப்புப் பள்ளிகளுக்குத் தனி அறங்காவலர்கள் இருந்தார்கள், தனிக் கண்காணிப்பாளர் இருந்தார். கண்காணிப்பாளர் ஜார்ஜ் குக்கும் கறுப்பர்தான். 1868லிருந்து 1900 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆசிரியரைத் தேடுகிறவரும் தேர்ந்தெடுக்கிறவரும் பிள்ளைகளின் இனத்தைச் சேர்ந்தவராக இருந்த காலம் என்று இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொறுப்பேற்றவர் எம்மா ஹட்சின்ஸ் என்ற வெள்ளைப் பெண்மணி. ஒரு வருஷம்தான் இருந்தார். அடுத்து 1871ல் வந்தவர் மேரி ஜேன் பேட்டர்சன். 1862ல் ஓபர்லின் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். அமெரிக்காவில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் கறுப்புப் பெண் என்று வரலாறு இவரைத்தான் சொல்கிறது. ஆனால் அடுத்த வருஷமே அவரைக் கீழே இறக்கிவிட்டு ரிச்சர்டு கிரீனரைக் கொண்டுவந்தார்கள். ஹார்வர்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். அவர் ஒரு வருஷத்தில் போய்விட்டார். திரும்பவும் பேட்டர்சனைக் கூப்பிட்டார்கள். வந்தார். 1873லிருந்து 1884 வரை பள்ளியை நடத்தினார். பட்டமளிப்பு விழா என்ற ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர். ஆசிரியர் பயிற்சிப் பிரிவை உண்டாக்கியவர் அவர். அவர் காலத்தில் பள்ளி வளர்ந்தது, மாணவர் எண்ணிக்கை பெருகியது.

அந்த வளர்ச்சியே அவருக்கு வினையாயிற்று. இவ்வளவு பெரிய பள்ளியை ஆம்பிளைதான் நிர்வாகம் பண்ண வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1884ல் பேட்டர்சன் இறக்கப்பட்டார். சின்னப் பள்ளியாக இருக்கும்வரை பொம்பளை போதும், பெரிசாகிவிட்டால் ஆம்பிளை வேண்டும். பெரிசாக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. பேட்டர்சன் ஊரைவிட்டுப் போகவில்லை. 1894ல் சாகிறவரை அதே பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தார். இந்த முடிவை எடுத்ததில் கறுப்பு ஆண்களுக்கும் பங்கு இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. கூப்பரின் கதைக்கு இது முன்னோட்டம்.

பேட்டர்சனின் இடத்துக்கு வந்த பிரான்சிஸ் கார்டோசோ சாதாரண ஆளில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தில், 1868ல், தென் கரோலினா மாநிலச் செயலாளராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பிறகு அந்த மாநிலத்தின் பொருளாளர். அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுக்க வாக்களித்துப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் இவர் என்கிறார்கள். 1877ல் வெள்ளையர் ஆட்சி திரும்பியதும் இவர் மேல் வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். 1879ல் மன்னிப்புக் கிடைத்தது. ஒரு மாநிலத்தின் கஜானாவை வைத்திருந்த மனிதர் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவருக்குப் பின் வின்பீல்டு மாண்ட்கோமரி, அவருக்குப் பின் ராபர்ட் டெரல். டெரல் ஹார்வர்டில் படித்தவர், சட்டமும் படித்தவர், பின்னால் வாஷிங்டனில் நீதிபதியானார்.

இப்படிப்பட்டவர்கள் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு ஏன் வந்தார்கள்? வேறு போக்கிடம் இல்லை. வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் கறுப்பரைப் பேராசிரியராக வைத்துக்கொள்ளாது. தெற்கில் கறுப்பு ஆசிரியருக்கு வெள்ளை ஆசிரியர் சம்பளத்தில் பாதிகூடக் கிடைக்காத ஊர்கள் உண்டு. வாஷிங்டன் மத்திய அரசின் நேரடி ஆளுகையில் இருந்ததால் கறுப்பு ஆசிரியருக்கும் அதே சம்பளம். அதனால் நாட்டின் மிகச் சிறந்த கறுப்புப் படிப்பாளிகள் அங்கே வந்து குவிந்தார்கள். அடைத்துவைத்த தண்ணீர் ஒரே மடை வழியாகப் பாய்ந்த மாதிரி. 1921ல் அமெரிக்காவில் முதன்முதலாக மூன்று கறுப்புப் பெண்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள். மூன்று பேருக்கும் இந்தப் பள்ளியோடு தொடர்பு உண்டு. ஒதுக்கலின் லாபம் என்று சில மேதாவிகள் இதைச் சொல்வார்கள். ஒதுக்கியவனுக்கு நன்றி சொல்லச் சொல்கிற அந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை.

1891ல் பள்ளிக்கு எம் தெருவில் சொந்தக் கட்டடம் கிடைத்தது. அதிலிருந்து எம் தெரு உயர்நிலைப் பள்ளி என்று பெயர். 1899ல் வாஷிங்டனின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரே தேர்வு வைத்தார்கள். மூன்று வெள்ளைப் பள்ளிகளில் இரண்டை எம் தெரு தாண்டிவிட்டது. அடுத்த வருஷம் என்ன நடந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இதனால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, காலவரிசையைச் சொல்கிறேன். 1900ல் அமெரிக்க நாடாளுமன்றம் வாஷிங்டன் பள்ளிகளின் நிர்வாகத்தை மாற்றி அமைத்தது. ஊர் முழுக்க ஒரே கண்காணிப்பாளர், அவர் வெள்ளையர். கறுப்புப் பள்ளிகளுக்கு இனி உதவிக் கண்காணிப்பாளர் மட்டும். உயர்நிலைப் பள்ளிகளுக்கு மேலே ஒரு இயக்குநர், அவரும் வெள்ளையர். முப்பத்திரண்டு வருஷம் கறுப்புப் பள்ளிகளை நடத்திய ஜார்ஜ் குக்கின் பதவி ஒழிக்கப்பட்டது.

ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். வாஷிங்டன்காரர்களுக்கு ஓட்டே கிடையாது. கறுப்பு ஆண்களுக்கு அங்கே 1867ல் ஓட்டுரிமை வந்தது. 1874ல் ஊரின் சுயாட்சியையே கலைத்துவிட்டு மேலிருந்து நியமிக்கப்பட்ட கமிஷனர்களிடம் ஒப்படைத்தார்கள். கறுப்பர் கையில் ஓட்டு இருப்பதைவிட எவன் கையிலும் இல்லாமல் போவது மேல் என்று வெள்ளையர்களில் பலர் நினைத்தார்கள். பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் என்பது அந்த ஊரில் 1968ல்தான் வந்தது. ஆக 1900க்குப் பிறகு எம் தெருவின் தலைமையாசிரியர் நாற்காலிக்கு மேலே இருந்த ஒவ்வொரு படியிலும் கடைசி வார்த்தை வெள்ளையருடையது.

இந்த நிலைமையில்தான் 1902ல் கூப்பர் தலைமையாசிரியர் ஆனார்.

1858ல் வட கரோலினாவின் ராலே நகரில் பிறந்தவர். அம்மா ஹன்னா அடிமை. அப்பா அந்த அடிமை வைத்திருந்த ஹேவுட் குடும்பத்து வெள்ளைக்காரர் என்று நம்பப்படுகிறது. அது என்ன வகை உறவாக இருந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடிமைத்தளை அறுந்த பிறகு, 1868ல், அந்த ஊரில் தொடங்கிய செயின்ட் அகஸ்டின் பள்ளியில் சேர்ந்தார். கிரேக்கம் ஆண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள், பாதிரியாராகப் போகிறவர்களுக்கான பாடம் என்று. எனக்கும் வேணும் என்று சண்டை போட்டுச் சேர்ந்தார். அந்த வகுப்பு நடத்திய ஜார்ஜ் கூப்பரையே 1877ல் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு வருஷத்தில் கணவர் இறந்துபோனார். இருபத்தொரு வயசில் விதவை. மறுமணம் செய்யவில்லை. 1884ல் ஓபர்லினில் பி.ஏ., 1887ல் எம்.ஏ. அந்த வருஷம் ஜார்ஜ் குக் நல்ல ஆசிரியர் வேண்டும் என்று ஓபர்லினுக்கு எழுதிக் கேட்க, அவர்கள் கூப்பரின் பெயரைச் சொன்னார்கள். அப்படித்தான் அவர் வாஷிங்டன் வந்தார். கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார், பிறகு லத்தீன்.

விதவை என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்யாணமான பெண் அங்கே ஆசிரியையாக இருக்க முடியாது. கூப்பரோடு ஓபர்லினில் ஒன்றாகப் படித்த மேரி சர்ச் இதே பள்ளியில் லத்தீன் ஆசிரியை. 1891ல், முன்பு அதே பள்ளியில் வேலை பார்த்த ராபர்ட் டெரலைக் கல்யாணம் பண்ணினார். உடனே வேலை போயிற்று. மாப்பிள்ளை வேலையில் இருந்தார், எட்டு வருஷத்தில் தலைமையாசிரியரும் ஆனார். மாலை மாற்றியது இரண்டு பேர், வேலை போனது ஒருத்திக்கு. கூப்பர் விதவையாக இருந்ததால்தான் பள்ளியில் நிலைக்க முடிந்தது. விதவையாக இருந்ததையே பின்னால் அவர்மேல் கல்லெறியவும் பயன்படுத்தினார்கள்.

தலைமையாசிரியரான பிறகு கூப்பர் செய்தது ஒரு காரியம்தான். வெள்ளைப் பள்ளிகளில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு என்ன பாடமோ அதே பாடத்தை இங்கேயும் விடாமல் நடத்தினார். லத்தீன், கிரேக்கம், கணிதம், இலக்கியம். அதோடு நிற்கவில்லை. பெரிய கல்லூரிகள் எம் தெருவின் சான்றிதழை மதிக்கும்படி செய்தார். அவர் காலத்தில் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் ஹார்வர்டு, யேல், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், ஓபர்லின் என்று போய்ச் சேர்ந்தார்கள். 1903ல் பிரெஞ்சுப் பாதிரியார் பெலிக்ஸ் கிளைன் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது எம் தெருவுக்கும் வந்தார். கூப்பர் வர்ஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஊருக்குப் போய்த் தம் புத்தகத்தில் வியந்து எழுதினார்.

அமெரிக்காவில் அது என்ன காலம் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய மீறல் என்று தெரியும். அலபாமாவில் டஸ்கெஜீ நிறுவனத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டன்தான் அன்றைக்குக் கறுப்பர்களின் தலைவர் என்று வெள்ளையர்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர். தச்சு, செங்கல், விவசாயம், சமையல், துவைப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், அரசியல் உரிமை மெல்ல வரும் என்பது அவர் வழி. கறுப்பர் கல்விக்குக் காசு கொடுத்த வடக்கத்திக் கோடீஸ்வரர்களுக்கு அது ரொம்பப் பிடித்தது. பிளஸ் ஒன்னில் முதல் குரூப் கேட்டுப்போய் நின்றபோது, "உனக்கெதுக்குடா கணக்கு? தொழிற்பிரிவுல சேரு, சீக்கிரம் பொழச்சிக்கலாம்" என்று அக்கறையாகச் சொன்ன குரல் நம்மில் பலருக்கு இன்னும் காதில் இருக்கும். கைத்தொழில் கேவலம் என்று கூப்பர் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் கைத்தொழில் கல்வியையும் ஆதரித்தவர். கறுப்புப் பிள்ளை என்பதற்காகவே அந்த ஒரு வாசலை மட்டும் திறந்துவைப்பதைத்தான் எதிர்த்தார்.

1902-03 குளிர்காலத்தில் டபிள்யூ. இ. பி. டூபாயிஸ் எம் தெருப் பள்ளிக்கு வந்து பேசினார். கறுப்புப் பள்ளிகளின் பாடத்திட்டத்தைக் குறுக்குகிற போக்கு நாடு முழுவதும் இருக்கிறது என்றார். (இந்த டூபாயிசுக்குத்தான் 1946ல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். நீக்ரோக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு, தீண்டப்படாதவர்களும் அப்படிச் செய்ய யோசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். டூபாயிசும் பதில் எழுதினார்.) அந்தப் பேச்சு அதிகாரிகளின் காதுக்குப் போயிற்று. எம் தெரு என்ற பெயரே அவர்களுக்கு உறுத்த ஆரம்பித்தது.

1905ல் உயர்நிலைப் பள்ளிகளின் இயக்குநர் பெர்சி ஹ்யூஸ் கூப்பர் மேல் புகார் அடுக்கினார். அனுமதிக்கப்பட்ட பாடப்புத்தகத்தைப் பயன்படுத்தவில்லை. படிப்பில் தகுதியில்லாத, பலவீனமான பிள்ளைகள் மேல் அளவுக்கு மீறிய இரக்கம் காட்டுகிறார். மாணவர்களிடம் ஒழுங்கு இல்லை, சிலர் புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள். பள்ளிக்குள் ஒற்றுமையும் விசுவாசமும் இல்லை.

இந்தப் புகார்களை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். பள்ளியின் படிப்புத் தரம் விழுந்துவிட்டது என்று தேர்ச்சிப் பட்டியலைக் காட்டி நிறுவ முடியவில்லை. பிள்ளைகள் ஹார்வர்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் அளந்து பார்க்க முடியாத விஷயங்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஒழுங்கு, விசுவாசம். விசுவாசம் யாருக்கு? பிள்ளைகளுக்கா, இயக்குநருக்கா? சில பையன்கள் புகைத்திருக்கலாம், நூற்றுக்கணக்கான வாலிபர்கள் படிக்கிற எந்தப் பள்ளியில் அது இல்லை? எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்த இரக்கம் பற்றிய புகார். பின்தங்கி வருகிற பிள்ளையை வடிகட்டி வெளியே எறிவது தலைமையாசிரியரின் கடமை என்றும், இழுத்துப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் அது குற்றம் என்றும் அதற்கு அர்த்தம். வகுப்புக்குள்ளே லத்தீன் சொல்லிக்கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம், வகுப்பை விட்டு வெளியேற்றாமல் இருப்பது பலவீனம். இரண்டு பக்கமும் அடி.

அப்புறம் பொம்பளை என்றால் வழக்கமாகக் கிளப்புகிற கதையையும் கிளப்பினார்கள். ஆதரவற்ற இரண்டு பிள்ளைகளைக் கூப்பர் எடுத்து வளர்த்திருந்தார். அதில் ஒருவர் வளர்ந்து அதே பள்ளியில் ஆசிரியராகி அவர் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டில் வேறு ஆசிரியைகளும் தங்கியிருந்தார்கள். அது யாருக்கும் தேவைப்படவில்லை. விதவை வீட்டில் ஒரு வாலிபன் என்று வாய்க்கு வாய் பரவிற்று. கார்டோசோ வீட்டில் யார் தங்கியிருந்தார்கள் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

விசாரணை இழுத்தது. கூப்பருக்கு ஆதரவாகப் பழைய மாணவர்கள், பெற்றோர்கள், ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். எதிராகப் பேசிய கறுப்பர்களும் இருந்தார்கள். அவரை எதிர்த்தது முழுக்க வெள்ளையர் கூட்டம் என்று எழுதினால் கதை சுலபமாக முடியும், ஆனால் அது உண்மையாகாது. பழைய வாரியம் இருந்தவரை அவர் நாற்காலியில் இருந்தார். 1906ல் நாடாளுமன்றம் மறுபடி ஒரு சட்டம் போட்டு வாரியத்தைக் கலைத்து, ஒன்பது பேர் கொண்ட புதிய வாரியத்தை உண்டாக்கியது. உறுப்பினர்களை நியமிக்கிற வேலை நீதிபதிகளிடம் போயிற்று. புதிதாகக் கண்காணிப்பாளராக வந்தவர் வில்லியம் சான்சலர். 1920ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ஹார்டிங்குக்குக் கறுப்பு ரத்தம் இருக்கிறது என்று பரப்பியதாகக் கல்லூரிப் பேராசிரியர் வேலையை இழந்தாரே, அதே ஆள்தான். அவர் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆசிரியர்கள் வருஷா வருஷம் மறுநியமனம் பெற வேண்டிய முறை அன்றைக்கு இருந்தது. 1906ல் புதிய வாரியம் கூப்பரை மறுநியமனம் செய்யவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அந்த வாரியத்தின் உறுப்பினர்களில் மேரி சர்ச் டெரலும் ஒருவர். கூப்பரோடு ஒரே வருஷம் பட்டம் வாங்கியவர், கல்யாணம் செய்ததற்காக அதே பள்ளியில் வேலையைத் துறந்தவர். அவர் பெண்கள் உரிமைக்காகப் பின்னால் செய்த வேலைகளை மதிக்கிறவன்தான் நான். ஆனாலும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களைப் படிக்கும்போது இந்தப் பெயரில் வந்து கண் நின்றுவிடுகிறது. வாரியத்தில் நம்மாள் ஒருத்தர் இரண்டு பேர் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த 1906ஐக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்த வருஷம் கறுப்புப் பள்ளிகளின் உதவிக் கண்காணிப்பாளராக வந்தவர் ராஸ்கோ காங்க்ளிங் புரூஸ். ஹார்வர்டில் படித்தவர், டஸ்கெஜீயில் புக்கர் வாஷிங்டனிடம் வேலை பார்த்தவர். யாருடைய செல்வாக்கு யாரைக் கொண்டுவந்தது என்று அன்றைக்கு ஊருக்கே தெரியும்.

இனி எம் தெருவில் லத்தீன் போய் உளியும் கரண்டியும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதைத்தான் இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கூப்பருக்கு அடுத்துத் தலைமையாசிரியரானவர் டபிள்யூ. டி. எஸ். ஜாக்சன், ஆம்ஹர்ஸ்ட் பட்டதாரி, கணித ஆசிரியர். அவருக்கு அடுத்தவர் எட்வர்டு வில்லியம்ஸ், நூலகத்துறையில் பெயர் பெற்ற படிப்பாளி. இரண்டு பேரும் பாடத்தைக் குறைக்கிற ஆட்கள் இல்லை. ஆசிரியர்களில் பலர் கூப்பரோடு வேலை பார்த்தவர்கள். வழியில் வாசலை மூடினால் பெற்றோர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பது 1905 சண்டையிலேயே தெரிந்துபோயிற்று. தலைமையாசிரியரைத் துரத்த முடிந்தது, அவர் உட்காரவைத்துவிட்டுப் போன வகுப்பைக் கலைக்க முடியவில்லை. 1916ல், அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியாவில் படிப்பை முடித்த அதே வருஷம், பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. கறுப்புக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரை வைத்தார்கள்.

இந்தப் பள்ளியைச் சொர்க்கம் என்று நான் சொல்லிவிட மாட்டேன். கறுப்பருக்குள்ளும் மேல்கீழ் இருந்தது. வெளிர்நிறத் தோல், பழைய சுதந்திரக் குடும்பம், டாக்டர் வீட்டுப் பிள்ளை என்று ஒரு அடுக்கு. எம் தெருவில் படித்துத் தேறிய நானி ஹெலன் பர்ரோஸ் கூப்பரைக் குருவாக மதித்தவர். வாஷிங்டனில் ஆசிரியை வேலை கேட்டார், கிடைக்கவில்லை. அவருடைய தோல் நல்ல கறுப்பு, அதுதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அவர் 1909ல் அதே ஊரில் ஏழைக் கறுப்புப் பெண்களுக்குத் தாமே ஒரு பள்ளி தொடங்கி நடத்திக் காட்டினார்.

கூப்பர் மிசூரியில் இருந்த லிங்கன் கல்லூரிக்குப் போய் நாலு வருஷம் மொழிகள் கற்பித்தார். 1910ல் வாஷிங்டனில் கண்காணிப்பாளர் மாறியதும் திரும்ப வந்தார். நாற்காலி கிடைக்கவில்லை. லத்தீன் ஆசிரியை வேலை கிடைத்தது. முன்னே தாம் தலைமையேற்று நடத்திய பள்ளியில், முன்னே தமக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்குக் கீழே, இருபது வருஷம் வேலை செய்தார். பேட்டர்சன் செய்ததும் இதுதானே. ஆம்பிளைகள் இறக்கப்பட்டால் நீதிபதியாகவோ அதிகாரியாகவோ போக ஒரு வழி இருந்தது. இவர்களுக்கு அதே கட்டடத்துக்குள் ஒரு வகுப்பறைதான்.

சும்மா இருக்கவில்லை கூப்பர். 1915ல் அண்ணனின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரைத் தாயில்லாப் பிள்ளைகளாக வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார், அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. கோடை விடுமுறைகளில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். பாரிசில் தங்கிப் படிக்கப் போனபோது அறுபது நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை போகும் என்று தகவல் வந்தது. கப்பல் ஏறி வந்து வகுப்பில் நின்றார். 1925ல் சோர்போன் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது, அறுபத்தாறு வயசில். ஆய்வுப் பொருள், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமைமுறை குறித்துப் பிரான்ஸ் எடுத்த நிலை. சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கியவர்கள் கரும்புத் தோட்டத்து அடிமைகள் விஷயத்தில் என்ன செய்தார்கள் என்று அடிமைக்குப் பிறந்தவர் அவர்கள் மொழியிலேயே எழுதி அவர்கள் பல்கலைக்கழகத்திலேயே கொடுத்தார். 1930ல்தான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் காப்பாற்றிய பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1911ல் எம் தெருவில் முடித்து ஆம்ஹர்ஸ்ட் போய், ஹார்வர்டில் சட்டம் படித்தார். தனிப்பள்ளி முறையைச் சட்டத்தால் உடைக்கிற திட்டத்தை வகுத்தவர் அவர், தர்குட் மார்ஷலுக்கு ஆசிரியர். 1954ல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனிப்பள்ளி செல்லாது என்றது. அன்றைக்கே வாஷிங்டன் பள்ளிகளுக்கும் தனியே தீர்ப்பு வந்தது. அந்த வாஷிங்டன் போராட்டத்தைத் தெருவில் நின்று நடத்தியவர் கார்ட்னர் பிஷப், முடிதிருத்தும் தொழிலாளி. ஹூஸ்டன் தீர்ப்பைப் பார்க்காமல் 1950லேயே இறந்துவிட்டார்.

தீர்ப்பு வந்ததும் தலைமையாசிரியர் நாற்காலிக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. தெற்கு மாநிலங்கள் பத்து வருஷம் தீர்ப்பை இழுத்தடித்தன. பிறகு பள்ளிகளை ஒன்றாக்கியபோது கறுப்புப் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு பள்ளி ஒன்றானால் ஒரு நாற்காலிதான் மிஞ்சும். அதில் வெள்ளைக்காரர் உட்கார்ந்தார். வெள்ளைப் பிள்ளைகளுக்கு மேலே, வெள்ளை ஆசிரியைகளுக்கு மேலே ஒரு கறுப்பர் தலைவராக இருப்பதை எந்த வாரியமும் நினைத்துப் பார்க்கவும் தயாராக இல்லை. எம்.ஏ. படித்து முப்பது வருஷம் பள்ளி நடத்தியவர்களைத் துணைத் தலைமையாசிரியர் என்றார்கள், பஸ் மேற்பார்வை என்றார்கள், பாடப்புத்தக அறைக்குப் பொறுப்பு என்றார்கள். பலரை வீட்டுக்கே அனுப்பினார்கள். 1954க்கும் 1965க்கும் இடையில் பதினேழு மாநிலங்களில் வேலை இழந்த கறுப்பு ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சுமார் 38,000 பேர் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்கிற கணக்கு. இவர்களை நீக்கியபோது சொன்ன காரணங்களும் பழையவைதான், 1905ல் எழுதிவைத்த அதே தாள். தகுதி, ஒழுங்கு, ஒத்துழைப்பு.

கூப்பர் 1964 பிப்ரவரி 27ல் வாஷிங்டனில் தம் வீட்டில் காலமானார். வயது 105. உடலை ராலேவுக்குக் கொண்டுபோய், எண்பத்தைந்து வருஷத்துக்கு முன் இறந்த கணவரின் பக்கத்தில் புதைத்தார்கள். அந்த வட கரோலினா மாநிலத்தில் அதற்கு முந்தின வருஷம் உயர்நிலைப் பள்ளிகளில் இருநூறுக்கு மேற்பட்ட கறுப்புத் தலைமையாசிரியர்கள் இருந்தார்கள். 1970ல் அவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.